சம்மனசு படகும் அடுத்த திருத்தமும்

எங்கள் ஊர் தேர்மணலிலிருந்து கடலுக்குப் போன விசைப்படகுகளில் திரும்பி வந்தவை உண்டு, திரும்பாமலே போனவையும் உண்டு, ஆனால் வந்தும் சேராமல் போயும் தொலையாமல், ஒரு பெண்பிள்ளை பிறந்து வளர்ந்து பெரியவளாகும் காலம் வரைக்கும் கரைக்கு முன்னால் நின்றது, வானதூதரைச் சொல்லும் சம்மனசு என்ற பெயர் கொண்ட படகு ஒன்றுதான். அதைக் கொண்டுவந்து நிறுத்தியது கணக்கு.

கச்சான் காற்று மேற்கிலிருந்து மணலை வாரி இறைக்கும் ஆடி மாதத்தில் அந்தப் படகு ஐந்து பேரோடு போனது. ஓட்டுநர் லியோன், இஞ்ஞாசிக் கிழவரின் ஒரே மகன். எஞ்சின் பார்த்துக்கொண்டவன் தொபியாஸ், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவன், அவன் மனைவி சலேத்துக்கு அப்போது ஏழாம் மாதம். மற்ற மூவரும் அண்ணன் தம்பிகள். இரண்டாம் நாள் வயர்லெஸ்ஸில் லியோனின் குரல், எஞ்சின் நின்றுவிட்டது, காற்று தள்ளிக்கொண்டு போகிறது என்று இடத்தைச் சொல்லிவிட்டு அடங்கியது. ஹெலிகாப்டர் வந்து சுற்றியது, கப்பல் வந்து தேடியது, ஊர்ப் படகுகள் எல்லாம் போய் வெறுங்கையோடு வந்தன, அதன்பின் தேடுதல் நிறுத்தப்பட்டது என்ற செய்தி வந்தது, பெண்கள் மாதா கோயில் முற்றத்திலிருந்து எழுந்து அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

தொபியாசுக்கு ஒரு அக்கா இருந்தாள், ஜெசிந்தா. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவள், அவனுக்காகவே கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள் என்று ஊர் சொல்லும், அவள் அப்படிச் சொன்னதில்லை. பக்கத்து ஊர்ப் பெண்கள் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். தேடுதல் நின்ற மறுநாள் காலையில் இஞ்ஞாசி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா ஜெசிந்தா, எஞ்சின் நின்ன இடம் தெரியும். காத்து எந்தப் பக்கம், எம்புட்டு வேகம்னு தெரியும். நீரோட்டம் எப்படி ஓடுச்சுன்னு நான் சொல்லுதேன். இதையெல்லாம் வச்சு பிள்ளைக இப்போ எங்க நிக்கும்னு உன் கணக்குல போட முடியாதா?"

"போடலாம் பெரியப்பா. ஆனா சரியா வராது."

"சரியா வராட்டா?"

"கிட்டத்துல வரும்."

"கிட்டத்துல வந்தா போதும்மா," என்றார் இஞ்ஞாசி. 

மீன் ஏலக்கூடத்தின் உள்சுவர் ஒன்று கறுப்பு வண்ணம் பூசிக் கிடந்தது, விலை எழுதுவதற்காக. கல்லூரிச் சாக்பீசை எடுத்துக்கொண்டு ஜெசிந்தா அந்தச் சுவரின் உச்சியில், முக்காலியில் ஏறி நின்று, சமன்பாட்டை எழுதினாள். படகு இருக்கும் இடம் அவளுக்குத் தெரியாது, அது நொடிக்கு நொடி எப்படி மாறும் என்பது மட்டும்தான் தெரியும், மாறுவது தெரிந்தால் இருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் அந்தக் கணக்கு என்று, கூடையோடு வந்து நின்ற பெண்களுக்குச் சொன்னாள். நீரோட்டமும் காற்றும் அலையும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடப்பதால் அதை அப்படியே தீர்க்க உலகத்தில் யாராலும் முடியாது, அதனால் காற்றைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுவோம், நீரோட்டம் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம், அப்படி வைத்தால் கணக்கு எளிது, விடை தப்பு, ஆனால் ரொம்பத் தப்பில்லை. பிறகு மறந்த காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூப்பிட்டு விடையைத் திருத்துவோம், முதல் திருத்தம், அதைத் திருத்த இன்னொரு திருத்தம், ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னது. காற்றின் பலத்துக்கு அவள் வைத்த வளைந்த குட்டி எழுத்துக்கு எப்சிலான் என்று பெயர் சொன்னாள். பெண்கள் அதைக் 'குட்டி' என்றே சொன்னார்கள்.

காற்று இல்லாத விடையை எழுதி அடியில் அவள் கோடு இழுத்த அந்த நேரத்தில், கடற்கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தவர்கள் அடிவானத்தில் ஒரு படகைப் பார்த்தார்கள். அவள் சொன்ன திசையில், அவள் சொன்ன இடத்தில். சம்மனசு என்று அதன் நீலத்தையும் கொடிக்கம்பத்தின் சாய்வையும் வைத்தே சொல்லிவிட்டார்கள்.

ஊர் எழுந்து ஓடியது. படகுகள் தள்ளப்பட்டன. போனவர்கள் அந்த இடத்தை அடைந்தபோது அங்கே தண்ணீரும் டீசல் வாடையும் மட்டும் இருந்தன. ஆனால் கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள், போன படகுகள் சம்மனசுக்குள் புகுந்து, கூந்தலுக்குள் சீப்பு போவதுபோல மறுபக்கம் வெளியே வந்ததை. கரையிலிருந்து பார்த்தால் இருந்தது, கடலில் போய்ப் பார்த்தால் இல்லை. அன்று மாலை திரும்பி வந்தவர்கள் வலையைக் காயப்போட்டுவிட்டு, "அங்கன போய்ப் பிடிக்க முடியாது போல, இங்கிருந்துதான் இழுக்கணும்," என்றார்கள். எல்லாரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள்.

முதல் திருத்தத்துக்குப் படகு அடிவானத்தை விட்டு இறங்கி வந்தது. அடுத்ததற்கு, உட்கார்ந்திருப்பவர் யார், நிற்பவர் யார் என்று தெரிந்தது. அதற்கடுத்ததற்கு முகம் தெரிந்தது, லியோனின் முகத்தைப் பார்த்து இஞ்ஞாசி மணலில் முழங்காலிட்டார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவளுக்கு முந்தியதைவிட அதிக நாள் பிடித்தது, எழுத வேண்டியது பெருகிக்கொண்டே போனது, கல்லூரி முடிந்து வந்து வெளிச்சம் இருக்கும்வரை சுவரில் எழுதுவாள், பெண்கள் அவளுக்குச் சோறு கொண்டுவந்து வைப்பார்கள். கடைசியில் படகு தூண்டில் வளைவுக்கு வந்தது. கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டி வளைத்துக் கட்டிய அந்தப் பாலத்தின் முனையிலிருந்து, ஒரு கல்லை எறிந்தால் விழும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். பலமாகக் கத்தினால் கேட்கும்.

"அக்கா!" என்று தொபியாஸ் கத்தியதுதான் முதல் குரல்.

"சாப்டியால?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"பசிக்கலக்கா. யாருக்கும் பசிக்கல. அதுதான் பயமா இருக்கு."

லியோன் கடலில் குதித்துக் கரையை நோக்கி நீந்தினான். நீந்திக்கொண்டே இருந்தான், கை போட்டுக்கொண்டே இருந்தான், கடைசியில் படகின் மறுபக்கத்தைப் பிடித்து ஏறினான். மறுபடி குதித்தான், மறுபடி மறுபக்கம் ஏறினான். கரையில் நின்ற பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு ஜெசிந்தாவிடம், "இன்னும் ஒண்ணே ஒண்ணு போடும்மா, இந்தக் கொஞ்சத் தூரம்தான்," என்றார்கள்.

அவள் அடுத்த திருத்தத்தைச் சுவரில் எழுதவில்லை. வீட்டில் தாளில் போட்டுப் பார்த்தாள். அது முந்தியதைவிடச் சின்னதாக இல்லை, அதே அளவு இருந்தது. அதற்கடுத்ததைப் போட்டாள், அது பெரிதாக இருந்தது. அதற்கடுத்தது இன்னும் பெரிது. தாளைக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் ஏலக்கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது சொன்னாள்:

"சில தொடர் இப்படித்தான். கொஞ்ச தூரம் உண்மையப் பார்த்து நம்மள கூட்டிட்டு வரும். பிறகு விட்டுரும். அதுக்கு மேல திருத்துனா திருத்தத் திருத்தத் தப்பு கூடும். எந்த இடத்துல திருத்தம் ரொம்பச் சின்னதா இருக்கோ அங்க நிறுத்திரணும். நாம அங்கதான் நிக்கோம். இதுதான் கிட்ட. இதுக்கு மேல கிட்ட இல்ல."

இஞ்ஞாசி அவளை நம்பவில்லை. நம்ப முடியாதவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவரும் அந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வீட்டாரும் போய் நகரத்திலிருந்து ஒரு பேராசிரியரை அழைத்துவந்தார்கள். அவர் நல்ல மனுஷன், சுவரை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்துக் கைகூப்பினார், அவள் சொல்வதுதான் சரி என்றார். ஆனாலும் சுற்றி நின்று அழுதவர்களைப் பார்க்க மாட்டாமல் அடுத்த திருத்தத்தைப் பிழையில்லாமல் போட்டு எழுதினார். தூண்டில் வளைவில் நின்றவர்களின் கண்ணுக்கு முன்னால் படகு ஒரு குலுங்கலோடு வடக்கே போனது, போய்க்கொண்டே இருந்தது, சத்தம் கேட்காத தூரத்தில் நின்றது. ஐந்து பேரும் கையாட்டுவது மட்டும் தெரிந்தது. ஊரே அலறிக்கொண்டு ஏலக்கூடத்துக்கு ஓடி வந்தது, அதற்குள் ஜெசிந்தா சேலைத்தலைப்பைத் தண்ணீரில் நனைத்து அந்த வரியைத் துடைத்திருந்தாள். படகு திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றது. பேராசிரியர் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அதன்பிறகு யாரும் அந்தச் சுவரைத் தொடவில்லை. மீன் ஏலத்தைப் பக்கத்துக் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அப்புறம் ஊர் அந்தப் படகோடு வாழப் பழகியது. எதற்குத்தான் மனுஷன் பழகமாட்டான். காலையில் கடலுக்குப் போகிறவர்கள் சம்மனசுக்குள் புகுந்து போகாமல் சுற்றிக்கொண்டு போனார்கள், உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தும், ஒரு மரியாதைக்கு. தூண்டில் வளைவின் முனையில் ஒருவன் சுக்குக்காபிக் கடை போட்டான். வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், எடுத்த படத்தில் வெறும் கடல் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வருவதை நிறுத்தினார்கள். அதிகாரிகள் வந்தார்கள். கண்ணுக்குத் தெரிகிறவர்களை இறந்தவர்கள் என்று எழுதவும் முடியவில்லை, கரை ஏறாதவர்களை மீண்டவர்கள் என்று எழுதவும் முடியவில்லை, காபி குடித்துவிட்டுப் போனார்கள். நவம்பர் மாதம் கல்லறைத் திருநாள் வந்தபோது ஐந்து பேருக்கு மெழுகுதிரி ஏற்றுவதா வேண்டாமா என்று மாதா கோயில் பங்குச்சாமியிடம் கேட்டார்கள். அவர் யோசித்து, கல்லறையில் வேண்டாம், தூண்டில் வளைவில் ஏற்றுங்கள் என்றார். காற்றில் ஒரு திரியும் நிற்கவில்லை. படகிலிருந்த அந்தத் தம்பிகளில் கடைசி ஆள், "எங்களுக்கா ஏத்துதீங்க?" என்று கேட்டான்.

அதற்குள் சலேத்துக்குப் பெண்பிள்ளை பிறந்திருந்தது. டெல்பின் என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பெயரைத் தொபியாஸ்தான் கடலிலிருந்து கத்திச் சொன்னான். பிள்ளையை முனையில் நின்று தூக்கிக் காட்டினாள். அவன் படகின் ஓரத்தில் முட்டி போட்டு இரண்டு கையையும் நீட்டினான். அந்த நீட்டிய கை அப்படியே பல நொடி நின்றது, பிறகு அவன் அதை மடக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

ஒவ்வொரு மாலையும் சலேத் போவாள். பிள்ளைக்குப் பல் முளைத்தது, பால் மறந்தது, பள்ளியில் சேர்த்தது, கூரையில் ஓடு மாற்றியது, எல்லாவற்றையும் கத்திச் சொல்வாள், அவனும் கத்திக் கேட்பான், ஊரும் கேட்கும். அவர்கள் சண்டையும் ஊருக்குத் தெரியும், சமாதானமும் தெரியும். கத்திச் சொல்ல முடியாதவை மட்டும் அவர்களுக்கு நடுவில் சொல்லப்படாமலே போயின, அப்படிப்பட்டவைதான் அதிகம் என்று அவள் ஒரு தடவை ஜெசிந்தாவிடம் சொன்னாள். அவள் காதோரம் நரை வந்தது. தொபியாசின் தாடி கடலுக்குப் போன நாள் இருந்த அளவிலேயே இருந்தது. கல்யாணத்தன்று அவள் அவனைவிடச் சின்னவள், இப்போது முனையில் நிற்கும்போது பார்க்கிறவர்களுக்கு அவனுடைய அக்காபோல் இருந்தாள். அது தெரிந்து அவள் தூரமாக நிற்கத் தொடங்கினாள். "ஏன் அங்க நிக்க, கிட்ட வா," என்று அவன் கத்துவான். "வெயில் கண்ணு கூசுது," என்பாள், மேகம் போட்ட நாளிலும்.

படகில் இருந்தவர்களுக்கும் அது தெரிந்தது. ஆரம்பத்தில் பாட்டுப் பாடுவார்கள், சீட்டாடுவார்கள், கரையில் யாரையாவது கேலி செய்வார்கள். வருடம் போகப் போக அவர்கள் கரைக்கு முதுகு காட்டி உட்காரத் தொடங்கினார்கள். கூப்பிட்டால் திரும்புவார்கள். கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். மூன்று அண்ணன் தம்பிகளின் தாய் இறந்தபோது சவப்பெட்டியைத் தூண்டில் வளைவுக்கு எடுத்துவந்து முனையில் வைத்தார்கள், அவர்கள் வரிசையாகக் குதித்து நீந்தி வரிசையாக மறுபக்கம் ஏறினார்கள்.

டெல்பினுக்கு மட்டும் அது அப்பா. மற்ற பிள்ளைகளின் அப்பா வீட்டில் இருப்பார், அவளுடைய அப்பா கடலில் இருப்பார், அதில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை, நீச்சல் படிக்கும் வரைக்கும். நீச்சல் அவளுக்கு நன்றாக வந்தது. பையன்களைவிட வேகமாக நீந்தினாள். ஒரு மார்கழி மாத மத்தியானம், பள்ளியில் பரிசு வாங்கிய சான்றிதழை அப்பாவுக்குத் தூரத்திலிருந்து காட்டினாள், எழுத்துத் தெரியவில்லை என்று தொபியாஸ் சொன்னான். தூக்கிப் பிடித்தாள், இன்னும் தெரியவில்லை. "நானே எடுத்திட்டு வாரேன்பா," என்று பல்லில் கவ்விக்கொண்டு குதித்துவிட்டாள்.

படகில் ஐந்து பேரும் எழுந்து நின்று கத்தினார்கள், திரும்பிப் போ, திரும்பிப் போ என்று. அவள் அதை உற்சாகம் என்று நினைத்தாள். கரையில் காபிக்கடைக்காரன் பார்த்தான், பிள்ளை நேராகப் போய்ப் படகின் ஓரத்தைப் பிடிக்கக் கை நீட்டியதை, கை ஓரத்துக்குள் புகுந்து தண்ணீரில் விழுந்ததை. மறுபடி நீட்டினாள். தொபியாஸ் குனிந்து அவள் முடியைப் பிடிக்கப் பார்த்தான். அவனுடைய விரல்கள் அவள் தலைக்குள் இருந்தன, அவளுக்கு அது தெரியவில்லை. அவளுக்கு அங்கே படகு இல்லை, அப்பா இல்லை, நாலாபக்கமும் தண்ணீர் மட்டும், கால் இழுத்துக்கொண்டது, பயத்தில் தண்ணீரைக் குடித்தாள். தொபியாஸ் குதித்தான், மறுபக்கம் ஏறினான், குதித்தான், ஏறினான். நாட்டுப்படகில் வந்த இருவர் அவளைத் தூக்கியபோது மூச்சு இல்லை. கல்லில் கவிழ்த்துப் போட்டு முதுகில் அழுத்தி, புரட்டி வாயில் ஊதினார்கள், வெகுநேரம் கழித்து அவள் இருமினாள். அவள் இருமிக் குலுங்கியது படகுவரை தெரிந்திருக்க வேண்டும், தொபியாஸ் படகுத் தளத்தில் அப்படியே மடங்கி விழுந்தான்.

மறுநாள் காலையில் அவன் அக்காவைக் கூப்பிடச் சொன்னான்.

"அக்கா, அன்னைக்கு அந்த வாத்தியார் போட்டாரே, அடுத்தது. அதைப் போடு."

ஜெசிந்தா முனையில் நின்றாள். தலை முழுக்க வெள்ளையாகியிருந்தது. "போட்டா தூரமாப் போயிருவியே தொபி."

"அதுக்குத்தான்."

"வேணும்னா எல்லாத்தையும் அழிச்சிரட்டுமா? அதுக்குக் கணக்கு வேண்டாம். துணி போதும்."

"அழிக்காதக்கா. அழிச்சா நாங்க எங்கயும் இல்ல. போட்டா போற இடமாவது ஒண்ணு இருக்கும்." படகின் ஓரத்துக்கு வந்து கத்தினான். "என் பிள்ள என் கைக்குள்ள முங்குனா. நான் பார்த்துக்கிட்டு நின்னேன். இதுக்கு மேல இங்க நிக்க முடியாதுக்கா."

ஜெசிந்தா சலேத்தின் வீட்டுக்குப் போனபோது அவள் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா விஷயத்தைச் சொல்லிவிட்டு, நீ வேண்டாம் என்றால் செய்ய மாட்டேன் என்றாள்.

"அவர் முந்திக்கிட்டார்," என்றாள் சலேத். "நான் போன வருஷமே உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன் மைனி. எப்படிக் கேக்கன்னு தெரியல. புருஷன அனுப்பி வைங்கன்னு ஒரு பொம்பள எப்படிக் கேப்பா?" அழவில்லை. மகளின் உப்புப் படிந்த முடியை விரலால் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

மற்ற மூவரின் வீட்டில் தாய் போனபின் மனைவிமார் மட்டும்தான், அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்கள். இஞ்ஞாசி மட்டும் சம்மதிக்கவில்லை. சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுதிக்கொள் என்றார். அவரைத் தூக்கிப் போட யாருக்கும் மனமில்லை. கடைசியில் லியோன் அப்பாவை முனைக்குக் கூட்டிவரச் சொன்னான். இரண்டு பேர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள்.

"அப்பா, வழிவிடு."

"நீ கரைக்கு வரவேண்டாம்ல. நான் கேக்கல. கண்ணு முன்னால இரு. அது போதும் எனக்கு."

"உனக்குக் கண்ணு தெரியலன்னு எனக்குத் தெரியும்பா."

இஞ்ஞாசி கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, பார்க்கிறவர்போல் நின்றார்.

"ரெண்டு வருஷமா நான் இங்கன நின்னு கை காட்டுதேன், நீ கலங்கரை விளக்கத்தப் பார்த்துக் கை காட்டுத. நான் யார்கிட்டயும் சொல்லல. நீ வீட்டுல போய் ஆபரேசன் பண்ணு, பக்கத்துல உள்ளதப் பாரு. எனக்காக உக்காந்து உக்காந்து குருடாயிட்டியேப்பா."

கிழவர் முகத்தை மகன் குரல் வந்த பக்கம் திருப்பினார். "சத்தம் கேக்கும்ல," என்றார் மெதுவாக. "சத்தமாவது கேக்கும்னுதான் உக்காந்தேன்." அது படகுவரை கேட்டிருக்காது. பிறகு கையை உயர்த்தி, பக்கத்தில் நின்றவரிடம், "எந்தப் பக்கம்?" என்று கேட்டு, அந்தப் பக்கமாக ஆசீர்வாதம் செய்வதுபோல் ஒரு சிலுவை போட்டார்.

மறுநாள் காலையில், நல்ல வெளிச்சத்தில், ஜெசிந்தா எழுதினாள். சுவரில் மேலேயும் நடுவிலும் இடமில்லை, தரையில் உட்கார்ந்து அடியில்தான் எழுத வேண்டியிருந்தது. பங்குச்சாமி மணி அடிக்கச் சொன்னார். ஊர் முழுக்கத் தூண்டில் வளைவில் நின்றது, ஏலக்கூடத்தில் ஜெசிந்தாவும் அவளுக்குப் பின்னால் சலேத்தும் மட்டும் இருந்தார்கள், சலேத் போய்ப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். முதல் வரி முடிந்ததும் வெளியே ஒரு பெருமூச்சுபோலக் கூட்டத்தின் சத்தம் கேட்டது, படகு வடக்கே போயிருக்கும். அடுத்த வரி முடிந்ததும் இன்னொரு சத்தம், தெற்கே எறியப்பட்டிருக்கும், இன்னும் தூரத்தில். அடுத்ததற்குச் சத்தம் குறைவாக வந்தது. அதற்கடுத்ததற்கு ஒரு சத்தமும் இல்லை. ஜெசிந்தாவின் கை நிற்கவில்லை, அந்தத் தொடருக்கு முடிவு கிடையாது, சாக்பீஸ் தேய்ந்து நகம் சுவரில் கீறியது. சலேத் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும் மைனி. போயிட்டாங்க."

தன் கையால் வளர்த்த பிள்ளையைத் தன் கையாலேயே அனுப்பிவைத்துவிட்டு ஜெசிந்தா எழுந்து, விரலில் ரத்தத்தோடு, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்து போனாள். ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு கல்லூரிக்குப் போனாள்.

கோயிலில் பூசை வைத்தார்கள், ஐந்து பேருடைய பெயரையும் வாசித்தார்கள். காபிக்கடைக்காரன் கடையைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான். இஞ்ஞாசிக்கு ஆபரேசன் நடந்தது, ஒரு கண் தெரிந்தது, அதை வைத்துக்கொண்டு அவர் ஒருநாளும் கடலைப் பார்க்கவில்லை. கடைசி வரிகளைத் துடைத்தால் படகு வரும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஈரத்துணிக்கு எந்த வீட்டிலும் பஞ்சமில்லை. ஒருவரும் துடைக்கவில்லை, ஒருவரும் அதைப் பற்றிப் பேசவுமில்லை.

அடுத்த ஐப்பசியில் புயல் சின்னம் வந்தது. ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் ஏலக்கூடத்து வாசலில் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீர் உள்ளே வராமல் பார்ப்பார்கள், அந்த வருடம் யாரும் அடுக்கவில்லை. அடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவுமில்லை. முற்பகலிலேயே கடல் ஏறி வந்தது, தெருவில் முழங்காலளவு ஓடியது, ஏலக்கூடத்துக்குள் புகுந்து சுவரில் அடியிலிருந்து மேலே ஏறத் தொடங்கியது. கடைசியில் எழுதியது முதலில் கரைந்தது.

கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வீடுகளுக்குள் மழைச் சத்தத்துக்கு நடுவில் தூரத்தில் ஆட்கள் கூப்பிடுவது கேட்டது. ஒரு தடவை வடக்கேயிருந்து, ஒரு தடவை தெற்கேயிருந்து, ஒவ்வொரு தடவையும் கிட்ட. பிறகு ரொம்பக் கிட்ட. யாரும் கதவைத் திறக்கவில்லை. இஞ்ஞாசி காதைப் பொத்திக்கொண்டார் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். ஜெசிந்தா தன் வீட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வெளியே ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக மழை மட்டும். ஏலக்கூடத்துக்குள் தண்ணீர் இன்னும் ஏறி, அலை சுவரின் மேல் வரிகள் வரைக்கும் அடித்திருக்க வேண்டும், குரல்கள் பின்வாங்கின, முகம் தெரிந்த தூரத்துக்கு, உருவம் தெரிந்த தூரத்துக்கு, அடிவானத்துக்கு. அப்புறம் மழை மட்டும் பெய்தது.

சலேத் வீட்டில் டெல்பின் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். குரல் முழுவதும் அடங்கியபின் தலையைத் தூக்கினாள்.

"அப்பா சத்தம்தானம்மா அது? என்னமோ சொன்னாங்க. உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்ன சொன்னாங்க?"

"கொடியில துணி கிடக்காம்," என்றாள் சலேத். "மழை வருதாம். எடுக்கச் சொன்னார்."

அவள் எழுந்து கதவைத் திறந்து, முழங்காலளவு தண்ணீரில் இறங்கிக் கொல்லைக்குப் போனாள். துணியெல்லாம் எப்போதோ நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக உருவி, பிழியாமல், மார்போடு அணைத்துக்கொண்டு மழையிலேயே நின்றாள்.